செம்பருத்தியைக் கட்டாத வெள்ளிக்கிழமை

பாசமுள்ள வேலாயுதம் மச்சானுக்கு, கொழுந்தியாள் அஞ்சலை எழுதுவது.

நீங்கள் இருந்த வரைக்கும் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையில் அடுத்த வீட்டில் இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? பலகைச் சுவரைத் தட்டினால் போதும், "என்னா அஞ்சல, மறுபடியும் சண்டைக்கா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். இப்போது தட்டினால் அக்காதான் பதில் சொல்கிறாள். அவளோடு வாதாடுவதில் சுவையே இல்லை. இரண்டாவது பேச்சிலேயே "சரிடி, நீ சொல்றதுதான் சரி" என்று விட்டுக்கொடுத்துவிடுகிறாள்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். அம்மன் சந்நிதியில் நாலு பேர் முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். அதை ஒத்துக்கொள்வதையும் நாலு பேர் முன்னால்தானே செய்ய வேண்டும்? என்ன காரியம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நல்ல சேதி.

கேட்டைத் திறந்துவிட்டார்கள், மச்சான்! முள்கம்பி வேலி இன்னும் லயத்தைச் சுற்றி நிற்கிறது, ஆனால் வாசலில் சோதனை இல்லை. வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டாம். முந்தானையை உதறிக் காட்ட வேண்டாம். பொதுச் சமையல் கொட்டகையில் சோற்றுக்கு வரிசை நிற்க வேண்டாம். அரிசி கூப்பனும் போயிற்று. துப்பாக்கியோடு காட்டிலிருந்து சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி போய்விடும் என்று பயந்து அரசாங்கம் எங்கள் சோற்றைப் பூட்டி வைத்த காலம் முடிந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு போன வாரம் முதல் தடவையாக நானும் அக்காவும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய், பால் வெட்டும் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெறும் மிளகாய்ச் சம்பால் கருவாடும் ரசமும்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லி மழுப்பினேன்.

செலண்டார் டவுனில் நம்ம முஸ்லிம் மளிகைக்காரர் காக்காவின் கடையில் ஒரு வேடிக்கை. பால் டின் கேட்டேன். அவர் பேசிக்கொண்டே ஆணியை எடுத்து டின்னில் ஓட்டை போட்டுவிட்டார். யாரும் டின்னைக் காட்டுக்குக் கடத்திவிடக் கூடாது என்று, ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று அப்போது உத்தரவு இருந்ததே, அந்தப் பழக்கம். "அட, கை தானா போயிருச்சும்மா. இன்னிக்கே காச்சி குடிச்சிருங்க" என்றார். நீங்கள் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பீர்கள். கை தானாகப் போனால் குற்றம் கையுடையதா, காக்காவுடையதா, உத்தரவு போட்டவனுடையதா?

உங்கள் மகள் மல்லிகாவுக்கு ஆறு நடக்கிறது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிறாள். தோட்டத்துப் பால் ஏற்றும் உங்கள் லாரியை இப்போது ஜாசின் பக்கத்து ஆள் ஒருவன் ஓட்டுகிறான். வளைவில் ஹாரன் அடிப்பதே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஊரிலிருந்து உங்கள் பெரியண்ணன் மறுபடி கடிதம் போட்டிருக்கிறார். அதையும் பிறகு சொல்கிறேன். அதற்குத்தான் நான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

நம் சண்டை எதிலே ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? உங்கள் லாரிக்கு முன்னால் போன லாரியைக் காட்டுக்காரர்கள் ரோட்டில் மறித்துக் கொளுத்தினார்களே, அன்றைக்கு. நீங்கள் கரிப்புகை வாசத்தோடு வந்து சேர்ந்தீர்கள். அக்கா முழுகாமல் இருந்தாள். பயத்தில் அவள் வாசலை விட்டு நகரவில்லை. நீங்களோ கால் கழுவிக்கொண்டே, "எழுதினது நடக்கும். எனக்கு எழுதலைன்னா தோட்டா தேடி வந்தாலும் தள்ளிப் போயிரும்" என்றீர்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"அப்படின்னா வளைவுல எதுக்கு மச்சான் பிரேக் புடிக்கிறீங்க? ஹாரன் எதுக்கு?"

"பிரேக் புடிக்கணும்னும் எழுதியிருக்கு, அஞ்சல."

"இப்ப நான் உங்களத் திட்டப் போறேன். அதுவும் எழுதியிருக்கா?"

"அது உங்கப்பா அம்மா பண்ணுன தப்பு."

அக்கா அப்போதுதான் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைக்கத்தான் நீங்கள் அப்படிப் பேசினீர்களோ என்னவோ. ஆனால் சண்டை அதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து நீங்கள் விதிக் கட்சி, நான் மதிக் கட்சி. மனுசன் நினைத்தால் இப்படியும் செய்யலாம் அப்படியும் செய்யலாம், செய்ததற்கு அவன்தான் பொறுப்பு என்று நான் சொல்வேன். முன்னால் நடந்ததுதான் பின்னால் நடப்பதை இழுத்துக்கொண்டு வருகிறது, மனுசன் நடுவில் மாட்டிய வண்டிமாடு என்று நீங்கள் சொல்வீர்கள். தண்ணீர்க் குழாயடியில் சனம் வேடிக்கை பார்க்கும். "இதுங்க ரெண்டும் அடுத்த ஜென்மத்துல வக்கீலா பொறக்கும்லா" என்று கங்காணி சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் பெரியண்ணனின் முதல் கடிதம் வந்தது. 'அங்கே சுட்டுக்கொண்டு சாகிறார்களாமே, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு, இருக்கிற நிலத்தைப் பிரித்துக்கொள்வோம்' என்று. தோட்டத்தில் நாலைந்து குடும்பம் ஏற்கெனவே கப்பலேறிவிட்டது. நீங்கள் இரண்டு வாரம் யாரோடும் வாதாடவில்லை. பிறகு ஒரு நாள், "அம்மன்கிட்ட பூக் கட்டிப் பாத்துருவோம்" என்றீர்கள்.

நம் தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மனுசனால் தீர்க்க முடியாததை மாரியம்மனிடம் கேட்பது. ஒரு வாழையிலைத் துண்டில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பது. கேட்க வந்தவரே ஒன்றை எடுக்க வேண்டும். பிரித்தால் அம்மன் சொல் தெரிந்துவிடும். மற்றதைப் பிரிக்கவே கூடாது, அப்படியே கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட வேண்டும். அம்மன் சொல்லாததை மனுசன் பார்க்கக் கூடாதாம்.

செம்பருத்தி வந்தால் ஊருக்குப் போவது, நந்தியாவட்டை வந்தால் இங்கேயே இருப்பது என்று பேச்சு. கோயிலுக்கு வெள்ளிக்கிழமைப் பூக் கட்டுவது யார்? நான்தான்.

மச்சான், நான் இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

ஏன் செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் அப்பா சயாமில் ரயில் பாதை போடப் போனவர் போனவர்தான். அம்மா காய்ச்சலில் போனாள். எனக்கு இருந்தது அக்கா ஒருத்தி. அவளையும் கப்பலில் ஏற்றிவிட்டு, இந்த முள்கம்பிக்குள்ளே தனியாக நான் யாரோடு இருப்பேன்? செம்பருத்தியைப் பறித்துத்தான் வந்தேன். கட்டும்போது கை அதன் பக்கம் போகவில்லை. போகவில்லை என்று சொல்வதுகூடப் பொய். போக விடவில்லை.

அன்று சாயங்காலம் நீங்கள் அம்மன் முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். ஊரடங்குக்கு நேரமாகிறது என்று பண்டாரம் மணியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நீங்கள் ஒன்றைத் தொட்டீர்கள், விட்டீர்கள், மற்றதைத் தொட்டீர்கள், முதலாவதையே எடுத்தீர்கள். எதை எடுத்தால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நான். வெள்ளைப் பூவைக் கண்டதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்குச் சந்தோசந்தானே, கொழுந்தியா?" என்றீர்கள். மற்ற பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனீர்கள். மதிக் கட்சிக்காரியான நான், மனுசனுக்குத் தேர்ந்தெடுக்கிற உரிமை உண்டு என்று குழாயடியில் தொண்டை கிழியக் கத்திய நான், உங்களுக்கு ஒரே ஒரு வழியை வைத்துவிட்டு இரண்டு என்று காட்டினேன்.

மல்லிகா பிறந்தாள். காலம் நன்றாகத்தான் போயிற்று. அதனால் எனக்கு உறுத்தலும் குறைந்துபோயிற்று. நல்லபடியாக நடந்தால் யாருக்குத்தான் மனசாட்சி கூவும்?

பிறகு முத்தம்மா விஷயம் வந்தது. புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு பால் வெட்டுகிறவள். ஒரு நாள் கேட்டில் அவள் வாளியின் அடியில் துணியில் முடிந்த அரிசி அகப்பட்டது. காட்டுக்கு அரிசி கொடுப்பவள் என்று போலீஸ் பிடித்து நிறுத்திவிட்டது. துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து கேட்டார்கள், கொடுக்காவிட்டால் பிள்ளைகளைக் கொல்வோம் என்றார்கள் என்று அவள் அழுதாள். யார் நம்புவது? சனமெல்லாம் "அவ தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தது. விதிக் கட்சித் தலைவர் நீங்களும் அதையே சொல்வீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் லாரியை ஓரம் கட்டிவிட்டு இறங்கினீர்கள். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியைப் பார்த்து, "நான் சொல்றத அப்படியே போலீஸ் தொரைக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றீர்கள். "போன வாரம் பால் ஏத்த தீம்பாருக்குள்ள, ரப்பர் மரங்களுக்குள்ள போனப்ப, துப்பாக்கியோட ரெண்டு பேரு இந்தப் பொம்பளைய மறிச்சு நின்னத நான் பாத்தேன். பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. பாத்தது நானு, மறைச்சது நானு. அவளை விட்டுட்டு என்னைக் கேளுங்க."

கிராணிக்கு வியர்த்துவிட்டது. அக்கா இடுப்பில் பிள்ளையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உங்களை மூன்று நாள் வைத்து விசாரித்தார்கள். முத்தம்மாவும் நீங்களும் சேர்ந்துதான் திரும்பி வந்தீர்கள். உங்கள் கன்னம் வீங்கியிருந்தது. கேட்டதற்குப் பல்வலி என்றீர்கள்.

எனக்குப் பொறுக்குமா? அன்றைக்கே சுவரைத் தட்டினேன். "எல்லாம் எழுதினதுன்னா நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்ததும் எழுதினதுதானே மச்சான்? அப்புறம் எதுக்குக் குத்தத்தைத் தலையில ஏத்துக்கிட்டீங்க?" அந்தப் பக்கம் விளக்கை அணைத்துவிட்டீர்கள். வாதத்தில் உங்களை மடக்கிவிட்டேன் என்று நினைத்துத் தூங்கிப்போனேன்.

நாலு நாள் கழித்து, லாரியில் பால் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் பக்கம் வந்து சொன்னீர்கள். "அஞ்சல, மனு எழுதுறது கிராணி. அதுல என்ன இருக்குன்னு பாதி நமக்குப் புரியாது. ஆனா அடியில கைநாட்டு வெக்கிறது நாம. வெச்சப்புறம், எழுதுனது கிராணிதானே, எனக்கு என்ன தெரியும்னு சொல்ல முடியுமாலா? அந்தப் பொம்பள கையைப் புடிச்சி இழுத்து வெக்க வெச்சானுங்க. அது அவ கைநாட்டு இல்ல. என் கைய யாரும் புடிக்கல. நானா வெச்சேன்." லாரியில் ஏறி, வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அப்படியென்றால் வெள்ளைப் பூவில் இருப்பது யார் கைநாட்டு?

அடுத்த வருஷம் நீங்கள் போனீர்கள். தோட்டா இல்லை, லாரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு, நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தவர். ஊருக்குப் போயிருந்தால் இன்னும் இருந்திருப்பீர்களோ? பெரிய ஆஸ்பத்திரி, வேறு தண்ணீர், வேறு வேலை என்று என்னென்னவோ நினைத்தேன். அங்கேயும் இதே நெஞ்சுதானே கூட வந்திருக்கும் என்றும் நினைத்தேன். ஆனால் உங்களை இந்த ரப்பர் மரங்களுக்கு நடுவில் புதைத்தபோது, குழியை வெட்டியவர்கள் வேறு யாரோ, இடத்தைக் காட்டியவள் நான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்காவின் முகத்தை நேரே பார்க்க முடியாமல் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

போன வாரம் மரத்தடியில் சோறு சாப்பிட்டோம் என்றேனே. அக்கா சட்டியைக் கழுவிக்கொண்டே பெரியண்ணனின் புதுக் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். 'தம்பி போனாலும் நீயும் பிள்ளையும் எங்கள் வீட்டு மனுசர்கள், வந்துவிடுங்கள்' என்று எழுதியிருக்கிறாராம். "போறதா இருக்குறதான்னு ஒண்ணும் புரியலடி. வெள்ளிக்கிழமை பூக் கட்டிப் பாத்துருவமா?" என்றாள்.

என் வாயிலிருந்து எல்லாம் கொட்டிவிட்டது. செம்பருத்தி, நந்தியாவட்டை, எல்லாம். அக்கா என் தலைமுடியைப் பிடித்து ஆட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்டி" என்றாள்.

ஆற்றங்கரையில் நின்று அந்த இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள்! அம்மன் சொல்லாததைப் பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தை, விதிக் கட்சித் தலைவரே மீறியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் இரண்டு பூவையும் காட்டினீர்களாம். அக்காவுக்குக் கோபம் வந்ததாம். அவளிடம் நீங்கள் சொன்னதை அவள் உங்கள் குரலிலேயே சொன்னாள். "விடு தனம். நான் அங்க நிக்கிறப்பவே வெள்ளை வரணும்னுதான் வேண்டிக்கிட்டு நின்னேன். இங்கதான் பொழப்பு, இங்கதான் என் லாரி, இங்கதான் உன் தங்கச்சி. போறதுன்னு மனசு இருந்திருந்தா, இதை எடுத்துக்கிட்டுத் திரும்பப் போயி, மறுபடி கட்டுன்னு சொல்லியிருப்பேன்ல? சொல்லல. நானாத்தான் இருக்கேன்."

இன்னொன்றும் சொன்னீர்களாமே. "அவகிட்ட நீயாச் சொல்லாத. அவளா வந்து ஒத்துக்கிட்டா அன்னிக்குச் சொல்லு. அது வரைக்கும் கொஞ்சம் முழிக்கட்டும்."

பாவி மச்சான்! எத்தனை வருஷம் முழித்தேன் தெரியுமா? நீங்கள் உயிரோடிருந்து, என் எதிரில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்ட நாளெல்லாம் தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறீர்கள். கைநாட்டுக் கதையை என்னிடம் சொன்னபோதும் தெரிந்துகொண்டுதான் சொன்னீர்களா? அதை மட்டும் அக்காவிடம் நீங்கள் சொல்லவில்லையாம்.

அன்று முழுக்க எனக்கு உடம்பே லேசாக இருந்தது. நீங்கள் இங்கே இருந்தது உங்கள் விருப்பம். நான் ஒரு வழியை அடைத்தேன், ஆனால் நீங்கள் அந்த வழியில் போகவே கிளம்பவில்லை. இரண்டு கதவில் ஒன்றை வெளியே பூட்டிவிட்டேன், உள்ளே இருந்தவர் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்கவே இல்லை. அப்படியிருக்க, உங்களை இங்கே நிறுத்தியது நான் இல்லை.

ஆனால் மறுநாள் பால் வெட்டும்போது யோசித்தேன். நீங்கள் அந்தக் கதவைத் தள்ளாதது உங்கள் நல்ல மனசு. பூட்டியது பூட்டியதுதானே? அக்காவும் நீங்களும் ஊர் நினைப்பில் ஏங்கிக்கொண்டு இருந்திருந்தால்? அது தெரிந்தா நான் கட்டினேன்? உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல்தான் கட்டினேன். நீங்கள் தங்கியதற்கு நான் பொறுப்பில்லை. நான் கட்டியதற்கு நான்தான் பொறுப்பு. விதி என்று சொல்ல மாட்டேன், அப்பா அம்மா இல்லாத பயம் என்றும் சொல்ல மாட்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் முத்தம்மா கையைப் பிடித்த மாதிரி என் கையை யாரும் பிடிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், மச்சான். நீங்கள் எப்போதோ மன்னித்துவிட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டியதை நான் கேட்க வேண்டும்.

அப்படியானால் நம் சண்டையில் ஜெயித்தது யார்? எழுதியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நீங்கள் பிரேக் பிடித்தீர்கள், சாட்சி சொன்னீர்கள், பொட்டலத்தைப் பிரித்தீர்கள். எல்லாம் நம் கையில் என்று சொல்லிக்கொண்டே நான் அடுத்தவர் கையைக் கட்டினேன். காக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிவிட்டு, "அல்லா அரிசியை எழுதி வெச்சான்மா. கூப்பன எழுதினது மனுசன். ரெண்டையும் ஒருத்தன் மேலயே போடாதீங்க" என்றார். ஓட்டை போட்ட டின்னுக்குப் பதிலாக வேறு டின் ஒன்றும் கொடுத்தார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அக்கா பூக் கட்டிப் பார்க்கத்தான் போகிறாள். "வேற யாரையாச்சும் கட்டச் சொல்லுக்கா" என்று கெஞ்சினேன். "முடியாது. நீதான் கட்டணும். நீ கட்டினாத்தான் நான் நம்புவேன்" என்கிறாள். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்டேன். உண்மையாகவே தெரியவில்லை என்கிறாள். அவள் போய்விட்டால் சுவரைத் தட்டினால் பதில் சொல்ல ஆளிருக்காது. மல்லிகா "ஏன்?" என்று கேட்பதை அங்கே வேறு யாரோ காதில் வாங்குவார்கள்.

காலையில் கோயிலுக்குப் பின்னாலிருந்து செம்பருத்தி பறிப்பேன். ஒரு பொட்டலத்தில் செம்பருத்தி. ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை. சத்தியமாக, மச்சான்.

உங்களோடு சண்டை போட்டுத் தீராத கொழுந்தியாள்,
தனத்தின் ஒரே தங்கச்சி
அஞ்சலை